மச்சான் பிடித்த கயிறு

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்த காலத்தில் ஒரு தோணியில் ஏறிப் பார்த்திருந்தால், விளிம்பில் இரண்டு கயிறுகள் தொங்குவது கண்ணில் பட்டிருக்கும். ஒன்றின் நுனியில் ஏறக்குறைய 15 கிலோ எடையுள்ள கல். இன்னொன்றில் வலைக்கூடை. குளியாளி ஒரு காலைக் கல்லின் மேல் ஊன்றி, மூக்கை அடைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையசைப்பார். கல் அவரை நேராகச் சிப்பிகள் கிடக்கும் கடலடிப் பாருக்கு இறக்கும். கால் தரை தொட்டதும் கல் மேலே போய்விடும். பிறகு ஒரு நிமிடம், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக, கிடைத்த சிப்பிகளை எல்லாம் வாரிக் கூடையில் போடுவார். மூச்சு முட்டும்போது கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவார். மேலே இருப்பவர் அந்தச் சுண்டலைக் கையில் உணர்ந்த கணமே இழுக்கத் தொடங்க வேண்டும்.

அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் யார்? மச்சான்தான் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். உடன்பிறந்த அண்ணனும் தம்பியும் ஆகாது. அவர்கள் பங்காளிகள், கீழே போனவன் மேலே வராவிட்டால் வீட்டிலும் வலையிலும் அவர்களுக்கு ஒரு பங்கு கூடும். மச்சானுக்கோ கீழே இருப்பவன் அக்காள் தங்கையின் புருஷன். கயிறு நழுவினால் அறுவது அவள் தாலி. வாய்வழியாக வந்த பேச்சுதான் இது. ஆனால் அதிலுள்ள கணக்கு கூர்மையானது. நல்லவன் யார் என்று அவர்கள் தேடவில்லை. நான் செத்தால் யாருக்கு நட்டம் என்று தேடியிருக்கிறார்கள்.

சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பில் இன்னொருவரும் உண்டு. கடல்கட்டி என்று பெயர். சுறாவின் வாயைக் கட்டுகிற மந்திரக்காரர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடற்கரையைப் பற்றி எழுதிய மார்கோ போலோ, குளிப்பில் கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரர்களுக்குப் போனது என்கிறார். பிற்காலத்தில், இலங்கைக் கரைச் சலாபங்களில் ஆங்கிலேய அரசே கடல்கட்டியை வைத்துக்கொண்டது. அவர் இல்லாமல் குளியாளிகள் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள் என்பது அதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று. சுறாவைக் கட்டியாயிற்று, இனிக் கயிறு எதற்கு என்று எந்தக் குளியாளியும் கேட்கவில்லை. கயிறு இருக்கிறதே, மந்திரம் எதற்கு என்றும் கேட்கவில்லை. ஒரே தோணியில் இரண்டும் போயின.

*

இப்போது தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு இல்லை. 1955-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்த சலாபங்கள் 1961-ஓடு நின்றுபோயின. ஆனால் ஓர் உயிரை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுக் கரையில் காத்திருக்கும் வேலை நிற்கவில்லை. அது கடலிலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டது.

1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட ஊர் இது. ஊரின் பிள்ளைகள் கப்பலிலும் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். பெற்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். கேரளத்துக்கும் கோவாவுக்கும் அடுத்தபடியாக முதியோர் பங்கு மிகுந்த மாநிலங்களில் ஒன்று. இந்தியா முழுவதற்குமாக 2022-இல் சுமார் 15 கோடியாக இருந்த முதியோர் எண்ணிக்கை, 2050-இல் 34 கோடியைத் தாண்டும் என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கை கணக்கிடுகிறது.

பிரையன்ட் நகரிலோ மில்லர்புரத்திலோ இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். பக்கவாதத்தில் விழுந்த 80 வயது அம்மா. மூக்கில் குழாய், கட்டிலோரம் மூத்திரப் பை. பார்த்துக்கொள்ள ஏஜென்சி அனுப்பிய ஒரு பெண். தெரு அவரை ‘ஹோம் நர்ஸ்’ என்கிறது. அவர் நர்சிங் படித்தவரல்ல. நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்தவருமல்ல. இதற்கு முன் இரண்டு வீடுகளில் இருந்திருக்கிறார், அந்த அனுபவம்தான் படிப்பு. மகன் நடுக்கடலில் சிக்னல் கிடைக்கும்போது வாட்ஸ்அப்பில் கூப்பிடுகிறார்.

“அக்கா, அம்மா சாப்ட்டாங்களா?”

“சாப்ட்டாங்க தம்பி.”

“தூங்குனாங்களா?”

“நல்லாத் தூங்குனாங்க.”

மேற்பார்வை அவ்வளவோடு முடிந்தது. இதில் பொய் எதுவும் இல்லை, சிக்கலே அதுதான். ‘சாப்பிட்டார்’ என்றால் தலைமாட்டை உயர்த்திவைத்து, குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று பார்த்து, கஞ்சியை மெதுவாக இறக்கி, அதன் பிறகும் கொஞ்ச நேரம் படுக்கவிடாமல் வைத்திருந்தார்கள் என்று பொருளாக இருக்கலாம். படுத்த வாக்கிலேயே ஊற்றினார்கள் என்றும் இருக்கலாம். அப்படி ஊற்றினால் கஞ்சி எதுக்களித்து நுரையீரலுக்குள் போகும், நான்காம் நாள் காய்ச்சல் வரும். ‘நல்லாத் தூங்கினார்’ என்பதற்குள் எட்டு மணி நேரம் ஒரே பக்கமாகக் கிடந்ததும் அடங்கும். படுக்கையில் விழுந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது மருத்துவமனை வார்டில் எல்லோருக்கும் தெரிந்த விதி. திருப்பாவிட்டால் இடுப்புக்குக் கீழே எலும்பு முட்டும் இடத்தில் தோல் முதலில் சிவக்கும். விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளுக்காது. அதைப் பார்க்கத் தெரிந்த கண் அந்த வீட்டில் இல்லையென்றால், அடுத்துத் தெரிவது புண்தான்.

அந்தப் பெண்ணை வேலைக்கு வைக்குமுன் குடும்பம் எதையெல்லாம் பார்த்தது? ஆதார் நகல் வாங்கியது. அம்மாவின் வளையலைக் கழற்றிப் பீரோவில் வைத்துச் சாவியை அத்தை வீட்டில் கொடுத்தது. முன்னறையில் ஒரு கேமரா மாட்டியது. கேமராவின் பார்வையில் வாசலும் பீரோவும் விழுகின்றன. கட்டில் விழவில்லை.

*

காவலில் இந்தக் கடற்கரைக்கு இரண்டாயிரம் ஆண்டு அனுபவம் உண்டு. கிரேக்க மாலுமியின் பயணக் குறிப்பான பெரிப்ளூஸ், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்தார்கள் என்கிறது. அங்கே கரையில் நின்றவர்களின் கண் முத்தின் மேல் இருந்திருக்கும். மார்கோ போலோ சொல்லும் மந்திரக்காரர்கள்கூட இரவானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், யாரும் களவாகக் குளித்து முத்தை அள்ளிவிடக்கூடாது என்பதற்காக. அதாவது பகலில் குளியாளிக்குக் காவலாக இருந்த மந்திரம், இரவில் முத்துக்குக் காவலாக மாறியது. ஆங்கிலேயர் காலத்தில் தோணி கரைக்கு வந்ததும் சிப்பிகள் வேலியடைத்த கொட்டுக்குள் போகும். எண்ணி, மூன்று கூறாக்கி, இரண்டை அரசு எடுத்துக்கொள்ளும். ஒரு சிப்பிகூட வழியில் திறக்கப்படாமல் இருக்கக் காவலர்கள் நின்றார்கள்.

ஆக, இரண்டு வகைப் பார்வை. ஒன்று முத்தைப் பார்ப்பது, மற்றது மூச்சைப் பார்ப்பது. முன்னதற்கு அரசும் படகும் காவலரும் கணக்கும் இருந்தன. பின்னதற்கு ஒரு மச்சானும் ஒரு கயிறும் மட்டும். வீட்டுப் பராமரிப்பு இன்று தொழிலாகிவிட்ட ஊரில், நாம் செய்துவரும் மேற்பார்வை பெரும்பாலும் முதல் வகை. நகை போகிறதா, ஆள் சொல்லாமல் கிளம்பிவிடுகிறாரா, கொடுத்த சம்பளத்துக்கு மணி கணக்காகிறதா என்று பார்க்கிறோம். படுத்திருக்கும் அந்த ஆச்சியின் மூச்சுக்குக் கயிறு இல்லை.

இதைச் சொன்னால் ஒரு மறுப்பு எழும். அது சட்டத்திலிருந்து வராது, பக்தியிலிருந்து வரும். நோயாளியைப் பார்ப்பது புண்ணியம், தொண்டு, கடமை. அதில் போய் நோட்டு எழுது, சோதனைக்கு ஆள் வரும் என்றால் அன்பையே சந்தேகப்படுவதாகாதா? பெற்ற மகள் செய்தால் கணக்குக் கேட்போமா? மேலே ஒருவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்?

எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. பனிமய மாதா கோவிலும் காயல்பட்டினத்துப் பள்ளிவாசல்களும் திருச்செந்தூர் முருகனும் ஒரே கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாவட்டத்தில், ‘மேலே ஒருவன்’ என்பது ஒப்புக்குச் சொல்லும் பேச்சல்ல. ஒருவர் நடுச்சாமத்தில் எழுந்து முகம் சுளிக்காமல் அழுக்குத் துணியை மாற்றுகிறார் என்றால், பெரும்பாலும் எந்த இன்ஸ்பெக்டருக்கும் பயந்தல்ல. ஆனால் இந்த மரபுகள் உண்மையில் என்ன செய்தன என்று பார்த்தால், மேலே இருப்பவன் பார்வையோடு அவை நிறுத்திக்கொள்ளவில்லை என்பது தெரிகிறது.

திருக்குறளில் மருந்து என்ற அதிகாரம் முடியும் இடத்தில், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகள் சொல்லப்படுகின்றன. நோயாளி, மருத்துவர், மருந்து, இவற்றோடு அருகிலிருந்து பார்த்துக்கொள்பவர். வார்டு ஓரத்தில் பாய் விரித்துப் படுப்பவருக்கு மருத்துவருக்குச் சமமாக ஓர் இடம். சரக சம்ஹிதையும் இதே நான்கைச் சொல்லி, பார்த்துக்கொள்பவருக்கு நான்கு தகுதிகள் வகுக்கிறது: பணிவிடை செய்யும் முறை தெரிந்திருத்தல், கைத்திறன், நோயாளியிடம் பற்று, தூய்மை. அன்பு அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் நான்கில் ஒன்றாகத்தான் உண்டு. மற்ற மூன்றும் அன்பிலிருந்து தானாக முளைத்துவிடும் என்று சரகர் நம்பவில்லை. அம்மாவின் மேல் உயிரையே வைத்திருக்கும் மகளுக்கும் குழாயில் கஞ்சி இறக்கச் சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

வள்ளுவரிடம் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. தெரிந்து தெளிதல் என்ற 51-ஆம் அதிகாரம், ஒருவரை ஆராய்ந்து தேர்ந்த பிறகு சந்தேகப்படுவது தீராத துன்பம் தரும் என்று முடிகிறது. பராமரிப்பாளரைக் கேமராவால் துரத்தும் குடும்பங்களுக்கு நேராகச் சொன்னதுபோல இருக்கும். அப்படியென்றால் மேற்பார்வை வேண்டாமா? அடுத்த அதிகாரமான தெரிந்து வினையாடலைப் புரட்டினால், வேலையைச் செய்பவனை நாள்தோறும் கவனி என்று அரசனுக்குச் சொல்லி முடிக்கிறார் அதே புலவர். சந்தேகப்படாதே, ஆனால் தினமும் பார். முதல் பார்வைக்கு முரண்போலத் தோன்றும் இந்த இரண்டும் தோணியில் ஏறினால் முரணாக இல்லை. மச்சான் கயிற்றைப் பிடிப்பது கீழே இருப்பவன்மேல் சந்தேகத்தால் அல்ல. ஆனால் அவன் கண் ஒரு நொடிகூடக் கயிற்றைவிட்டு விலகக்கூடாது.

*

பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்த பரதவர்களுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கக்கூட ஆள் இல்லை. ஊர் ஊராக நடந்தார். ஆனால் ஓர் ஊரை விட்டுப் போகும்போது, இனிக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை வைத்தார். பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லித்தருவதும், உயிருக்குப் போராடும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும், ஊரில் நடப்பதைப் பாதிரியார் வரும்போது சொல்வதும் அவர் வேலை. அதற்குச் சம்பளமும் உண்டு. முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் அரசியின் செருப்புச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைச் சவேரியார் இதற்குத் திருப்பிவிட்டார். மேற்பார்வைக்குச் செலவாகும், அந்தச் செலவுக்கு எங்கிருந்தாவது பணம் பிடுங்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

அவருக்குப் பின் வந்தவர் அண்ட்ரிக் அடிகளார் என்று இங்கே அழைக்கப்படும் என்றிக்கே என்றீக்கஸ். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டவர் என்பது பள்ளிப் பாடத்தில் வரும். இரண்டு ஆண்டு கழித்துக் கொச்சியில் அவர் அச்சிட்ட கொம்பெசியொனாயரு என்ற நூலைப் பற்றிப் பேச்சு குறைவு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகுமுன் ஒருவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டியவற்றை வரிசைப்படுத்தும் கையேடு அது. தமிழில் அச்சான முதல் ‘ஆய்வுப் படிவம்’ என்று வேடிக்கையாகச் சொல்லலாம், ஆய்வாளரும் ஆய்வுக்குரியவரும் ஒரே ஆளாக இருப்பது ஒன்றுதான் வேறுபாடு. இதே அடிகளார் புன்னைக்காயலில் 1550 வாக்கில் ஒரு மருத்துவமனையையும் தொடங்கியிருந்தார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னது அங்கேயே புதைய வேண்டும். கேட்ட குரு உயிர்போனாலும் வெளியே சொல்லக்கூடாது என்பது கத்தோலிக்க விதி. ஒரு பராமரிப்பாளர், “ஆத்திரத்தில் ஆச்சியை அடித்துவிட்டேன்” என்று அங்கே சொல்லி அழுதால் குரு புத்தி சொல்லலாம், பரிகாரம் சொல்லலாம், நீயே போய் வீட்டாரிடம் சொல் என்று வற்புறுத்தலாம். தாமே போய் ஆச்சியின் மகனிடம் சொல்ல முடியாது. விதியில் குறை இருக்கிறதென்று இதற்குப் பொருளல்ல. அந்த விதி அடித்தவரின் ஆன்மாவுக்காக வகுத்தது. அடிபட்டவரின் உடம்புக்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஒரே பாதிரியார் ஒரு கையால் சங்கீர்த்தனக் கையேடும் மறு கையால் மருத்துவமனையும் செய்ததை அப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. ‘மேலே ஒருவன் பார்க்கிறான்’ என்ற நம்பிக்கை, பார்த்துக்கொள்பவருக்குப் பதில் சொல்கிறது. படுத்திருப்பவருக்கு அது இன்னும் பதிலாகவில்லை.

காயல்பட்டினத்தில் ஒருவர் நம்மிடம் ஒப்படைத்ததை அமானிதம் என்பார்கள். பணம் மட்டுமல்ல, இரகசியமும் வயதான தாயும்கூட அமானிதம்தான். அதைப் பேணாதவர் மறுமையில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அதே இஸ்லாமிய நாகரிகம் தன் நகரங்களில் முஹ்தஸிப் என்றோர் அதிகாரியையும் வைத்திருந்தது. கடைவீதியில் படிக்கல்லைச் சரிபார்த்தவர் அவர். வைத்தியரையும் இரத்தம் எடுப்பவரையும் அவர் எப்படிச் சோதிக்க வேண்டும் என்று 12-ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ எழுதிய கையேடே இருக்கிறது. மறுமைக் கணக்கில் உறுதியான நம்பிக்கை உள்ள சமூகம்தான் இம்மையிலும் ஓர் ஆளைக் கணக்குப் பார்க்க அனுப்பியது.

*

சரி, யாராவது பார்த்தால் போதுமா? இல்லை என்பதற்கு அதிக தூரம் போக வேண்டாம். பக்கத்திலுள்ள விருதுநகர் மாவட்டத்திலும் தென்மாவட்டக் கிராமங்கள் சிலவற்றிலும் தலைக்கூத்தல் என்றொரு வழக்கம் பதிவாகியிருக்கிறது. படுக்கையில் விழுந்த முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, குளிர்ச்சியானவற்றைக் கொடுத்து, சாவை வரவழைப்பது. பெயரிலும் தோற்றத்திலும் அது பணிவிடை. எண்ணெய்க் குளியல் என்பது நம் வீடுகளில் பாசத்தின் அடையாளம் அல்லவா? 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் 80 வயதை எட்டிய ஒரு பெரியவர், தனக்கு அந்த ஏற்பாடு நடக்கிறது என்பதையும் நிலம் எப்படிப் பிரியப்போகிறது என்பதையும் வீட்டார் பேசக் கேட்டுத் தப்பி, உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். செய்தி வெளிவந்து ஊர் அதிர்ந்தது. பிரியா கிருஷ்ணஸ்வாமி இயக்கிய ‘பாரம்’ இந்த வழக்கத்தைப் பற்றியது. 2018-ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது பெற்றது.

தலைக்கூத்தல் நடக்கும் வீட்டில் பார்வைக்குப் பஞ்சமில்லை. சொந்தம் கூடியிருக்கும், அக்கம்பக்கத்துக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் கயிற்றை இழுக்க ஒரு கை இல்லை. ஏனென்றால் அங்கே நிற்பவர்களில் பலர் பங்காளிகள். சொத்து மட்டும் பங்கல்ல. பல மாதம் கண்விழித்த களைப்பும், வேலைக்குப் போக முடியாமல் போன கூலியும், வைத்தியச் செலவும்கூடப் பங்குதான். அவர்களை அரக்கர்களாக்கிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. உதவிக்கு ஒருவரும் வராத வீட்டில் அன்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதையும் அந்தக் குளியல் சொல்கிறது.

முத்துக்குளியாளியின் கணக்கு இங்கேதான் உதவிக்கு வருகிறது. பார்ப்பவர் யார் என்பதைவிட, அவருக்கு எதில் பங்கு என்பது முக்கியம். வாரிசு பங்காளி. ஆளை அனுப்பிக் கமிஷன் வாங்கும் ஏஜென்சியின் சூப்பர்வைசரும், புகாரை ஏற்றுக்கொண்டால் வாடிக்கை போகும் என்பதால், ஒரு விதத்தில் பங்காளி. மச்சான் எங்கே?

சட்டத்தில் தேடிப் பார்க்கலாம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தரும். முதியவரைக் கைவிட்டுப் போனவருக்கு மூன்று மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம் என்று சொல்லும். கைவிடாமல், ஆனால் தவறாகப் பார்த்துக்கொண்டால் என்ன செய்வது என்பதில் அதன் கை நீளவில்லை. அந்தக் குறையைக் கண்டுதான் 2019 டிசம்பரில் மக்களவையில் திருத்த மசோதா ஒன்று வந்தது. வீட்டுப் பராமரிப்புச் சேவை தரும் நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும், பயிற்சி பெற்ற, பின்னணி சரிபார்க்கப்பட்ட ஆட்களையே அனுப்ப வேண்டும் என்றது. நிலைக்குழுவுக்குப் போனது, 17-ஆவது மக்களவையின் காலத்தில் சட்டமாகவில்லை.

இங்கிலாந்தில் 2009 முதல் கேர் குவாலிட்டி கமிஷன் என்ற அமைப்பு, மருத்துவமனைகளோடு வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களையும் பதிவு செய்து ஆய்கிறது. அது கேட்கும் கேள்விகள் ஐந்து: பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் தருகிறதா, பரிவோடு நடக்கிறதா, அவரவர் தேவைக்கு ஈடுகொடுக்கிறதா, நிர்வாகம் சரியா. சரகரின் நான்கைப் போலவே, பரிவு இங்கேயும் பட்டியலில் ஒன்று மட்டும். ஆய்வு முடிவை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அந்த அமைப்பு இருந்தும் அங்கே தவறுகள் நடக்கின்றன, அதன்மீதே விமர்சனமும் உண்டு. ஆனால் தவறு நடந்தால் யாரிடம் போவது என்ற கேள்வியோடு அங்கே யாரும் தெருவில் நிற்க வேண்டியதில்லை.

நமக்குப் பழக்கமான உருவம் வேறு. கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், வீட்டில் கிடக்கும் நோயாளியைப் பார்க்க நர்சோடு அந்த ஊர்த் தன்னார்வலர்களையும் அனுப்பியது. 2008-இல் அதற்கென மாநில அரசே ஒரு கொள்கை வகுத்தது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள். நோய்த்தணிப்பு நர்சும் பிசியோதெரபிஸ்டும் படுக்கையில் இருப்பவரைப் பார்க்க வருகிறார்கள். மருந்து கொடுக்கும் திட்டமாகத்தான் இது பேசப்படுகிறது. அதில் இன்னொன்றும் தற்செயலாக அடங்கியிருக்கிறது: சொத்திலும் கமிஷனிலும் பங்கில்லாத ஒரு கண் கட்டிலருகே வந்து நிற்கிறது. அந்தக் கண்ணுக்கு, நோயாளியின் போர்வையை விலக்கிப் பார்க்கவும், பார்த்ததை எழுதவும், எழுதியதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் படிக்கவும் வழி செய்தால், மச்சானுக்குப் பாதி தூரம் வந்தாயிற்று.

*

மீதிப் பாதி, ஆச்சியைப் பார்த்துக்கொள்ள வந்த அந்தப் பெண்ணைப் பற்றியது. இதுவரை ஆச்சியின் மூச்சையே பேசினோம். அதே வீட்டில் தண்ணீருக்கு அடியில் இருப்பவர்கள் இரண்டு பேர். 24 மணி நேர வேலை என்று வந்தவர் எப்போது தூங்குவார் என்று ஒப்பந்தத்தில் இல்லை. எழுந்து நிற்கவே முடியாத ஆளைத் தனியாகத் தூக்கித் தூக்கி அவர் முதுகு போகிறது. வீட்டிலுள்ள ஆண் ஒருவர் அத்துமீறினால் சாட்சிக்குக் குழாய் போட்ட ஆச்சிதான் இருக்கிறார். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம், வீட்டையும் பணியிடமாகக் கணக்கில் எடுக்கிறது. மாவட்டத்தில் இருக்கும் குழுவிடம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணும் புகார் கொடுக்கலாம். இந்தச் செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்பதையும் மேற்பார்வைக்கு வருபவர் கேட்க வேண்டும். குளியாளியின் மூச்சைப் பற்றி ஒன்றும் கேட்காமல் கூடையை மட்டும் எண்ணினால், அது மறுபடியும் கொட்டுக் கணக்குதான்.

பிரையன்ட் நகர் வீட்டுக்குத் திரும்பலாம். கட்டில் காலில் சணல் கட்டி ஒரு 40 பக்க நோட்டு தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நேரம், இடப்பக்கமா வலப்பக்கமா, கஞ்சி எவ்வளவு, மூத்திரம் எவ்வளவு, தோல் எப்படி. அரசுத் திட்டத்தின் நர்ஸ் சொல்லாமல் வருகிறார். முதலில் நோட்டைத் தொடவில்லை. அந்தப் பெண்ணை, “அக்கா, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்க” என்று அனுப்பிவிட்டு, ஆச்சியின் இயங்கும் இடது கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்கிறார். “வலி இருந்தா அமுக்குங்க ஆச்சி.” கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்ன அமுக்கல்.

போர்வையை விலக்கிப் பார்த்தபின் நோட்டை எடுக்கிறார். இரவு 10 மணி, 12 மணி, 2 மணி எழுதியிருக்கிறது. 4 மணிக்கு எதிரே வெறுமை. 6 மணி மறுபடி எழுதியிருக்கிறது. தண்ணீரோடு வந்த பெண் அந்த வெற்றிடத்தைப் பார்க்கும் நர்சின் விரலைப் பார்த்துவிட்டு, “அசந்துட்டேன் சிஸ்டர்” என்கிறார். பொய்யாக ஒரு ‘வலப்பக்கம்’ எழுதியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரைக் குடிக்கிறார். பிறகு தன் பையிலிருந்து போனை எடுத்து, நடுக்கடலில் இருக்கும் மகனின் எண்ணைக் கேட்கிறார். இரவுக்கு இன்னோர் ஆள் வேண்டும் என்று சொல்ல.